சத்திரங்கள் நின்ற சாலையில் நில்லாத யாத்திரை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இன்று காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். அந்தச் சிறு தொலைவுக்குள் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று மூன்று ஊர்கள் வருகின்றன. மூன்று பெயர்களிலும் சத்திரம் இருக்கிறது. மாட்டு வண்டி ஒரு நாளில் 25 அல்லது 30 கிலோமீட்டர் செல்லும். பழனியாண்டவனைத் தரிசிக்க வண்டி கட்டிப் புறப்பட்ட குடும்பம் எங்கே மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும், எங்கே உலை வைக்க வேண்டும், எங்கே தலை சாய்க்க வேண்டும் என்பதையெல்லாம் ஊர்ப் பெயர்களே சொல்லிவிட்டன.

தென்னாட்டில் வழிநடைச் சத்திரங்களை எழுப்பியோரில் மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. சாலை போடுவதும், அதன் ஓரத்தில் மரம் நடுவதும், கிணறு வெட்டுவதும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நாட்டுவதும் கோயில் கட்டுவதற்கு இணையான அறமாகவே கருதப்பட்டன. வழிப்போக்கனுக்கு ஓய்வு தருவோர்க்குப் புண்ணியம் என்றால், அந்த ஓய்வை ஏற்றுக்கொள்வதும் யாத்திரையின் ஓர் அங்கம்தானே! தைப்பூசத்துக்காகச் செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியுடன் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் இந்த ஒழுங்கை இன்றைக்கும் காணலாம். இன்ன இரவு இன்ன ஊரில் தங்கல் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டது. அதை மீறி முன்னே ஓடுவாரில்லை.

மோட்டார் வண்டி வந்தபின் இந்த ஒழுங்கு மெல்ல மெல்லக் குலைந்தது. அது குலைந்த விதத்தைத் திண்டுக்கல் நகரத்துப் பெரியவர்கள் பலர் தம் வாழ்நாளிலேயே கண்டிருக்கின்றனர்.

முன்னிருக்கைப் பெரியவர்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பதிக்கோ இராமேசுவரத்துக்கோ குடும்பத்துடன் செல்வது எளிதில் வாய்க்கும் காரியமன்று. பூட்டுப் பட்டறையிலும் நூற்பாலையிலும் பூ மண்டியிலும் உழைத்தவர்களுக்குக் கிடைத்த விடுமுறை சொற்பம். உறவினரும் அண்டை வீட்டாருமாகச் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்துவர். கோட்டை மாரியம்மன் சன்னிதியில் சூடம் ஏற்றி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டால், மீண்டும் வீட்டு வாசலில் வந்து இறங்கும்வரை வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வாடகை நாட்கணக்கில், ஓட்டுநருக்குப் பேட்டாவும் நாட்கணக்கில். எங்கேனும் ஓர் இரவு தங்கினால் ஒரு நாள் வாடகை கூடும். இருபது பேருக்கு அறை எடுக்கும் செலவு வேறு. ஆகவே இரவை ஓட்டத்திலேயே கழித்துவிடுவது சிக்கனம் என்று கருதப்பட்டது. நாளடைவில் அதுவே வழக்கமாகி, பின்னர் பெருமையாகவும் ஆயிற்று. ‘எங்கேயும் தங்காமல் போய்வந்தோம்’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மிடுக்கு இருந்தது.

அந்தப் பயணங்களை நினைவுகூரும் எவரும் முதலில் சொல்வது சாப்பாட்டைப் பற்றித்தான். வாழையிலையில் கட்டிய புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதம். அடுத்தது பாட்டு. வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசம் ஒலிக்கும், பின்னர் டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள். கார்த்திகை, மார்கழியானால் கே.வீரமணியின் ஐயப்பன் பாடல்கள். நள்ளிரவு கடந்ததும் பாடிக்கொண்டு வந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாக ஓயும். குழந்தைகள் இருக்கைகளுக்கு இடையே விரித்த போர்வையில் சுருண்டிருப்பர். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருப்பர். விழித்திருப்பவர் இருவர் மட்டுமே: ஓட்டுநர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் பேச்சுத் துணைக்கு அமர்ந்த பெரியவர் மற்றொருவர்.

அந்தப் பெரியவரின் பொறுப்பு பற்றி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் குழுவில் மூத்தவர், அல்லது ‘தூக்கம் வராதவர்’ என்று பெயர் எடுத்தவர் அங்கே அமர்வார். ஊர்க்கதை, மழை, விளைச்சல், பெண் கல்யாணம் என்று எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுநரின் பதில் ஒற்றைச் சொல்லாகக் குறுகும்போது, “தம்பி, ஒரு டீ சாப்பிடலாமா?” என்று கேட்க வேண்டும். “வேண்டாங்கய்யா, இன்னும் கொஞ்ச தூரந்தானே, போயிடலாம்” என்ற பதில் வந்தால், அப்போதுதான் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தாமும் கண்ணயர்ந்துவிடுவர். எத்தனையோ குடும்பங்களின் உயிர் அந்த முன்னிருக்கைப் பெரியவரின் இமைகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் மிகையில்லை.

அன்றைய சாலைகளில் வேறொரு பாதுகாப்பும் இருந்தது. அதை யாரும் பாதுகாப்பு என்று எண்ணவில்லை. இடையூறு என்றே சலித்துக்கொண்டனர். இருவழிச் சாலை ஒவ்வோர் ஊருக்குள்ளும் புகுந்து புறப்படும். வடமதுரையில் ஒரு நெரிசல், மணப்பாறையில் ஒரு நெரிசல், நடுவில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் எல்லாரும் இறங்கிக் கைகால்களை உதறிக்கொள்வர். ஓட்டுநர் ஸ்டீயரிங் மீதே தலையைக் கவிழ்த்துக் கால் மணி நேரம் உறங்குவார். இராமேசுவரப் பயணத்தில் இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. பாம்பன் கடல்மீது சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள்தான். அதுவரை வேன் மண்டபத்தோடு நின்றுவிடும். பக்தர்கள் ரயிலேறிக் கடலைக் கடப்பர். அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடி, இராமநாதசுவாமியைத் தரிசித்து அவர்கள் திரும்பும்வரை மண்டபத்தில் வண்டி நிழலில் ஓட்டுநர் நிம்மதியாகத் தூங்கினார். பாலம் திறந்தபின் எல்லாருக்கும் வசதி பெருகியது. அந்த உறக்கம் மட்டும் போயிற்று.

இந்த நூற்றாண்டில் நால்வழிச் சாலைகள் வந்தன. ஊர்களைப் புறவழிச் சாலைகள் சுற்றிக்கொண்டு போயின. ரயில்வே கேட்டுகளின்மேல் மேம்பாலங்கள் எழுந்தன. சாலை நேராகவும் சமமாகவும் ஆக ஆக, இரவில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பவரின் கண்களுக்கு அதைவிடப் பெரிய தாலாட்டு வேறில்லை என்றாயிற்று.

மூன்று மணி, நான்கு மணி

திண்டுக்கல் பல சாலைகள் கூடுமிடம். திருச்சி, கரூர், மதுரை, பழனி, நத்தம், வத்தலக்குண்டு என்று எத்திசையிலும் வழி பிரிகிறது. சென்னையிலிருந்து சபரிமலைக்குத் தேனி, குமுளி வழியாகச் செல்லும் பக்தர்களும் இந்நகரை ஒட்டியே கடக்கின்றனர். சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஏறத்தாழ 420 கிலோமீட்டர். பகல் முழுதும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் இருமுடி கட்டிக்கொண்டு இரவு எட்டு மணிக்குப் புறப்படும் வேன் திண்டுக்கல்லை எட்டும்போது மணி மூன்று அல்லது நான்கு. திருப்பதியில் மாலையில் தரிசனம் முடித்து இரவு ஏழு, எட்டு மணிக்குக் கீழிறங்கும் திண்டுக்கல் குடும்பத்தின் வண்டியும் வீட்டை நெருங்குவது அதே வேளையில்தான்.

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து, ஆறு மணி வரை உடலின் வெப்பம் தாழ்ந்து உறக்கம் மிக வலிமையாகப் பற்றும். மன உறுதியால் அதை வென்றுவிடலாம் என்று நினைப்பது வீண். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் செயல்படும் திறன், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவரின் திறனளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்பதே அது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்துள்ள உச்ச வரம்பு 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணியைத் தாண்டியும் ஓட்டிக்கொண்டிருந்தால் கணக்கு என்னவாகும்? மாலை அணிந்து, விரதம் காத்து, மதுவின் வாடையையும் அண்டாத ஒருவர், உடலளவில் மது அருந்தியவரின் நிலையில் சபரிமலைக்கு வண்டி ஓட்டுகிறார். சொல்லக் கசப்பாக இருந்தாலும் உண்மை இதுதான்.

உறக்கம் முழுதாக வர வேண்டியதும் இல்லை. கண் திறந்தபடியே மூளை சில நொடிகள் அணைந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நான்கு நொடிகளில் ஏறத்தாழ 90 மீட்டர் ஓடிவிடும். அந்த 90 மீட்டருக்குள் நின்றுகொண்டிருக்கும் லாரி இருக்கலாம், வளைவு இருக்கலாம். தை மாதத்துப் பழனிச் சாலையானால், பச்சை உடுத்திக் கைத்தடி ஊன்றி இருளில் நடக்கும் பாதயாத்திரை அன்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கென்று சாலையோரத்தில் தனி நடைபாதை அமைக்கப்பட்டிருக்கிறது. கண் அயர்ந்த ஓட்டுநருக்கு நடைபாதை எது, சாலை எது என்று தெரியுமா?

திரும்பும் பயணத்தில் ஆபத்து கூடுதல். போகும்போது இருக்கும் ஆவல் வரும்போது இருப்பதில்லை. தரிசனம் கிடைத்துவிட்டது, வேண்டுதல் நிறைவேறிவிட்டது, இனி வீடுதான் என்று மனம் தளரும். பேச்சுத் துணையும் தூங்கிப்போகும். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து ஆண்டிபட்டிப் பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்கள் எட்டுப் பேர், இரவு வேளையில் குமுளி மலைச்சாலையில் கார் பள்ளத்தில் கவிழ்ந்து உயிரிழந்த செய்தி இவ்வட்டாரத்தில் இன்னும் ஆறாத புண். மலையை இறங்கிவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கு; அங்கிருந்து வீடு நெடுந்தொலைவில்லை.

ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தொலைவுப் பயணத்துக்கும் திருவிழாக் காலங்களுக்கும் சலுகை தந்தும், பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்குப்பின் அரை மணியேனும் ஓய்வு தரச் சொன்னது. திருவிழாவையும் நினைவில் வைத்து விதி எழுதியவர்கள் நம் யாத்திரைகளை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பர்! வாடகை வாகனம் எதுவாயினும் இந்த நேர வரம்பு அதன் ஓட்டுநருக்கும் பொருந்தும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறியது. ஆனால் வேனை அமர்த்தும் குடும்பங்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. வாடகை பேசும்போது ஏசி உண்டா, பாட்டுப் பெட்டி உண்டா என்று கேட்பவர்கள், ‘நேற்று இரவு தூங்கினீர்களா தம்பி?’ என்று கேட்பதில்லை.

வண்டியை நிறுத்தும் கருப்பர்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வரும் சாலையில், வடமதுரைக்கு முன்பாக அய்யலூர் வருகிறது. அங்கே சாலையோரத்தில் வண்டிக் கருப்பணசாமி கோயில் கொண்டிருக்கிறார். பெயரிலேயே வண்டியைத் தாங்கிய காவல் தெய்வம். அவ்வழியே செல்லும் லாரி, பேருந்து, வேன் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்து, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு போவது நெடுநாள் வழக்கம். புதிதாக வண்டி வாங்கியவர்கள் முதல் பூசையை இங்கே செய்கின்றனர்.

வழித்துணையாகக் கருப்பர் வருவார் என்பது பக்தர்களின் திடமான நம்பிக்கை. அவர் முன் நிகழும் காரியத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த நம்பிக்கையின் ஆழம் விளங்கும். வண்டி நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்குகிறார். மண்ணில் கால் பதித்து நடக்கிறார். முகம் கழுவுகிறார். நெடுநேரம் சாலையை மட்டுமே பார்த்த கண்கள் தீபச்சுடரைப் பார்க்கின்றன. பத்து நிமிடமோ கால் மணியோ கழித்து ஏறுபவர், இறங்கியபோது இருந்தவரைவிடத் தெளிந்தவர். இன்று நெடுஞ்சாலைக் காவலர்கள் பல மாவட்டங்களில் பின்னிரவில் வாகனங்களை நிறுத்தி, ஓட்டுநர்களை முகம் கழுவச் செய்து தேநீர் கொடுத்து அனுப்புகின்றனர். அதே பணியைக் கருப்பர் காவலருக்கு முன்பிருந்தே செய்துவருகிறார். ஓடும் வண்டியிலிருந்தபடியே காசை வீசிவிட்டு, நிறுத்தாமல் ஒரு கும்பிடு போட்டுச் செல்வது அண்மைக்கால வழக்கம். அதில் கருப்பருக்குக் குறையொன்றும் இல்லை, குறை ஓட்டுநருக்குத்தான்.

நம் ஆலயங்களிலேயே ஓய்வுக்கு இடம் இருக்கிறது. உச்சிக்காலம் முடிந்ததும் பல கோயில்களில் நடை சாத்தப்படுகிறது. இரவில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்கிறார். பாலும் பழமும் நிவேதனமாகி, ஊஞ்சலும் தாலாட்டும் நிகழ்ந்து, கதவு அடைக்கப்படுகிறது. விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடிய பின்னரே சன்னிதி திறக்கிறது. ஆண்டவனையே உறங்கவைத்து எழுப்பும் மரபில் வந்தவர்கள், குருவாயூரில் அதிகாலை மூன்று மணி நிர்மால்ய தரிசனத்தைப் பிடிப்பதற்காக ஓட்டுநரை இரவெல்லாம் பாலக்காட்டு வழியில் விரட்டுவது முரண் அல்லவா? முந்திய நாள் பகலிலேயே கிளம்பி, மாலையில் குருவாயூர் அடைந்து, எட்டு மணிக்கே படுத்துவிட்டால் அதே நிர்மால்யம் தெளிந்த கண்களுக்குக் கிட்டும்.

மூத்தவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்தே செல்வதால் கால் வீங்குவது பலரும் அறிந்தது. நெடுநேரம் அசையாத காலில் இரத்தம் உறைந்து கட்டிப்படும் அபாயமும் உண்டு. வழியில் கழிப்பிடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி, பாட்டிமார்கள் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்கள் அப்படிச் செய்வது தீங்கு. இதை வாய்விட்டுச் சொல்லக் கூசி, பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்த அம்மையார்களின் யாத்திரை நினைவுகள் எந்தத் தலபுராணத்திலும் இடம்பெறாதவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிச்சமான ஒரு பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ நிறுத்த வேண்டும் என்று வயதில் மூத்தவர் சொன்னால் குழுவில் யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த ஒரு சொல் ஓட்டுநரையும் காக்கும். கண் சொருகுவதாக அவர் சொன்னால், காபியோ தேநீரோ குடித்துவிட்டு இருபது நிமிடம் இருக்கையைச் சாய்த்து உறங்கட்டும். குடித்தது வேலை செய்யத் தொடங்குவதும் அவர் எழுவதும் ஒரே நேரத்தில் அமையும். அது கொஞ்ச தூரத்தைத்தான் கடத்தும். இரவின் எஞ்சிய பகுதிக்குப் படுக்கைதான் மருந்து. பழனியிலும் இராமேசுவரத்திலும் திருப்பதியிலும் கோயில் நிர்வாகத்தின் தங்கும் விடுதிகள் உள்ளன. அறை எடுக்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில் எண்ணிச் சேர்த்துக்கொள்வது பெரிய செலவாகாது.

பழனி அடிவாரத்து வாகன நிறுத்தத்தில் ஒரு விசேஷ நாளின் காலைப்பொழுதில் நின்று பார்த்தால், வரிசை வரிசையாக வேன்களும் பேருந்துகளும் தெரியும். வந்தவர்கள் எல்லாரும் படியேறியிருப்பர். வண்டிகளின் கதவு இடுக்குகளில் கால்கள் மட்டும் நீண்டிருக்கும், முகத்தின்மேல் துண்டு. இரவெல்லாம் ஓட்டி வந்தவர்கள். திரும்பவும் ஓட்ட வேண்டியவர்கள். மலைமேல் கூட்டம் நகரும் நேரத்துக்குள் தரிசனம், தூக்கம் இரண்டில் ஒன்றுதான் அவர்களுக்கு வாய்க்கும். பல ஆண்டுகளாக மாதந்தோறும் பழனிக்கு வண்டி ஓட்டியும் தண்டாயுதபாணியின் சன்னிதியில் நின்றறியாதவர்கள் அவர்களில் உண்டு. கண்விழித்ததும் மலையுச்சிக் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பி, குடும்பத்தார் கொண்டுவந்து தரும் பஞ்சாமிர்தத்தை உள்ளங்கையில் வாங்கி வாயில் இட்டுக்கொண்டு, சாவியைத் திருகுகின்றனர்.